திருகோணமலையில் நிற்கப்போகும் 12 மீற்றர் பாய்ப்படகு: கட்டுவிக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியவை

சோளகம்:
எல்லாருக்கும் வணக்கம். 12 மீற்றர் நீளம், 8 தொன் அளவில் எடை, ஒற்றை ஓடு, கைவேலையில் போடும் பைபர். வரைபடம் ஐரோப்பியக் கடலுக்கென்று வரைந்தது. கட்டப்போவது மேற்குக் கரையில் ஒரு கொம்பனி. படகு வருடம் முழுக்க நிற்கப்போவது எங்கள் உள்துறைமுகத்தில். ஓட்டம் நிலாவெளி, மட்டக்களப்புப் பக்கம், காலம் வாய்த்தால் அந்தமான். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. எதையெல்லாம் கட்டும்போதே எழுதி வாங்க வேண்டும், எதை இங்கே வந்த பிறகு பூட்டலாம்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

ஏராக்கட்டை:
வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மேல்தட்டு ஓட்டின்மேல் குந்திய பிறகு கை போகாத இடங்கள் எவையென்று சிவப்புப் பேனையால் சுற்றுங்கள். அந்த வட்டங்களுக்குள் விழுவதெல்லாம் கட்டும்போதே சரியாக இருக்க வேண்டும். றேடியோ, திரை, வின்ச் எல்லாம் பிறகு கழற்றி மாற்றலாம். ஓட்டின் றெசினை யாராலும் மாற்ற முடியாது. காசு அங்கேதான் முதலில் போக வேண்டும்.

ஐரோப்பிய வரைபடம் குளிர்ந்த கடலை நினைத்து எழுதியது. எங்கள் துறைமுகத்து நீர் 27 முதல் 30 பாகை. சூடான நீர் ஜெல்கோட்டுக்குள், அதாவது ஓட்டின் வெளிப்பூச்சுக்குள், இறங்கும் வேகம் கூட. உள்ளே சரியாக இறுகாமல் கிடக்கும் றெசினோடு சேர்ந்து அமிலமாகி, சில வருடத்தில் கொப்புளம் எழும்பும். கொப்புளத்தைக் குத்தினால் வரும் நீரில் விநாகிரி மணம் அடிக்கும். இதற்காக ஒப்பந்தத்தில் மூன்று வரி வேண்டும். ஜெல்கோட் ஈரமாக இருக்கும்போது 0.5 முதல் 0.6 மில்லிமீற்றர், சீப்பு அளவியால் அளந்து எழுதிவைக்க வேண்டும். அதற்கு அடுத்த இரண்டு அடுக்கு மாட் (கண்ணாடி இழைப் பாய்) வினைல் எஸ்ரர் றெசினில் போட வேண்டும். நீர்க்கோட்டுக்குக் கீழே பவுடர் பசையால் பிடித்த மாட் மட்டுமே வேண்டும், எமல்ஷன் பசை மாட் வேண்டாம், அந்தப் பசை ஈரத்தை இழுக்கும்.

பைபர் போடும் நாளைப் பற்றியும் எழுதுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் றெசின் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 33 பாகையில் றெசின் வாளியிலேயே கட்டியாகிறது என்று வேலையாட்கள் ஹார்ட்னரை அரை வீதத்துக்குக் குறைப்பார்கள். அதுதான் பெரிய பிழை. 1 வீதத்துக்குக் கீழே போனால் றெசின் இறுகுவதுபோல் இறுகும், முழுமையாகாது. ஆறு மாதம் கழித்தும் அலமாரியைத் திறந்தால் ஸ்ரைரீன் மணம் முகத்தில் அடிப்பது அதனால்தான். மெதுவாக வேலைசெய்யும் ஹார்ட்னரை வாங்குவதும், சின்ன வாளியில் கலப்பதும், விடியப்புறம் தொடங்குவதும்தான் வழி. காற்றின் ஈரப்பதன் 75 வீதம் தாண்டினால் அன்றைக்கு வேலை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகையில் ஈரப்பத மானி தொங்குகிறதா என்று போய்ப் பார்க்கும் நாளிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, செலவே இல்லாத பரிசோதனை. நீர்க்குழாய்களுக்காக ஓட்டில் துளை வெட்டும்போது வட்டத் துண்டுகள் வெளியே வரும். ஒவ்வொன்றிலும் எந்த இடம் என்று எழுதி உங்களிடம் தரச் சொல்லுங்கள். தடிப்பை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றை நிறுத்து, காஸ் சுவாலையில் றெசின் முழுக்க எரியும்வரை பிடியுங்கள். வெள்ளைக் கண்ணாடிப் பாய்கள் அடுக்கடுக்காகக் கழன்று வரும், எத்தனை அடுக்கு என்று எண்ணியே பார்க்கலாம். 40 கிராம் துண்டில் 14 கிராம் கண்ணாடி மிஞ்சினால் 35 வீதம். மாட்டும் நெய்த றோவிங் துணியும் கலந்த கைவேலைக்கு 35 முதல் 40 வரை சரி. 30க்குக் கீழே என்றால் றெசின் மிதமிஞ்சி, ஓடு பாரமாயும் முறியக்கூடியதாயும் இருக்கிறது.

இரண்டு பைபர் அடுக்குக்கு நடுவில் நுரையோ பால்சா மரமோ வைக்கும் முறை மேல்தட்டுக்கு நல்லது, நீர்க்கோட்டுக்குக் கீழே வேண்டாம். மேல்தட்டிலும் கயிறு கட்டும் கிளீற், வின்ச், தூண்கள் பூட்டும் இடத்தில் நடுப்பொருளை எடுத்துவிட்டுத் திண்மமாகப் போட வேண்டும். பிறகு புதிதாக ஒன்று பூட்டுவதென்றால் 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 14இல் துளையிட்டு, தடித்த எபொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 8இல் மறுபடி துளைக்க வேண்டும். வெறும் சிலிக்கனை நம்பிப் பூட்டினால் இரண்டு மாரியில் பால்சா சேறாகிவிடும்.

கிண்ணியாத்துறை:
ஏராக்கட்டை அண்ணன் சொன்னது ஓட்டுக்கு. உள்வேலைக்கு நான் சொல்கிறேன்.

உள்ளே முழுதாக ஒரு பைபர் அச்சை இறக்கி ஒட்டிவிடும் முறை வேலைக்குச் சுகம், படகுக்குக் கேடு. குழாய் கசிந்தால் எங்கே என்று தெரியாது. தடுப்புச்சுவர்கள் ஓட்டோடும் மேல்தட்டோடும் இரண்டு பக்கமும் பைபர் நாடாவால் பிணைத்திருக்க வேண்டும். சுவரின் விளிம்பு ஓட்டை நேரே தொடக்கூடாது. இடையில் 10 மில்லிமீற்றர் நுரைத் துண்டு வைத்து, மூலையை எபொக்சியால் வளைவாக நிரப்பி, அதன்மேல் நாடா. இல்லையென்றால் சுவர் நிற்கும் கோடு வெயிலில் ஓட்டின் வெளியே தழும்புபோலத் தெரியும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

பலகை கடற்தரப் பிளைவூட், பிஎஸ் 1088 முத்திரை உள்ளது. முத்திரை இருந்தால் மட்டும் போதாது, ஒரு சாணளவு துண்டை ஒரு மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், அடுக்கு பிரியக்கூடாது. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றும் எபொக்சி இரண்டு பூச்சு. வயருக்கு வெட்டிய துளையின் விளிம்பும் சேர்த்துத்தான். எங்கள் ஈரக்காற்றில் பிளைவூட் முகத்தால் உக்குவதில்லை, விளிம்பால்தான் உக்கும்.

மரவேலைக்கு எங்கள் பகுதி ஓடாவிமாரை வைத்துக்கொள்ளுங்கள். சவண்டலை மரத்தைத்தான் வெள்ளைக்காரர் திருகோணமலை மரம் என்றே பெயர் வைத்துச் சென்னைக்கு ஏற்றினார்கள், அலையில் அடிபடும் மசூலாப் படகுகளுக்காக. வல்வெட்டித்துறையில் வேம்பில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது. மரத்தில் குறையில்லை. ஈரத்தோடு அறுத்துப் பூட்டுவதுதான் குறை. பலகையின் ஈரம் 12, 14 வீதத்துக்குள் வந்த பிறகு பூட்டச் சொல்லுங்கள்.

மேல்தட்டுக்குத் தேக்கு விரிக்க வேண்டாம். அழகுதான், ஆனால் பங்குனி வெயிலில் கால் வைக்கமுடியாது, கீழே அறையும் அடுப்பாகும். மணல் கலந்த வெள்ளைப் பெயின்ட் போதும்.

கொட்டியாரம்:
ஏராவை, அதாவது படகின் அடியில் இறங்கி நிற்கும் பாரத்தை, யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் வற்றுப்பெருக்கு 4, 5 மீற்றர் உள்ள ஊர்களில் படகைச் சுவரோடு சாய்த்துவைத்து, நீர் வற்றும் நேரத்தில் அடியைக் கழுவிப் பூசி, பெருக்கில் மிதக்கவிடுவார்கள். இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது. அடியைப் பார்க்க வேண்டுமென்றால் நீரில் மூழ்க வேண்டும், அல்லது படகைத் தூக்க வேண்டும். ஆகவே எங்கே, எந்தக் கிரேனால், எந்த இரண்டு புள்ளியில் பட்டி போட்டுத் தூக்குவது என்பது கட்டுவதற்கு முன்னமே முடிவாக வேண்டும். பட்டி போடும் இடத்தை ஓட்டின் இரண்டு பக்கமும் நிரந்தரமாகக் குறியிடச் சொல்லுங்கள். தரையில் நிறுத்தும் இரும்புத் தாங்கியையும் அதே வரைபடத்திலிருந்து செய்து படகோடு வாங்குங்கள், திருப்பித் திருப்பிப் பயன்படும். மிதப்பாழம் 2 மீற்றர் இருந்தால் உள்துறைமுகத்தில் பிரச்சினை இல்லை, கொட்டியாரக்குடா அதைவிடவும் ஆழம். தம்பலகாமக் குடாவுக்குள் போகிற ஆசை இருந்தால் மட்டும் குறைந்த ஆழத்து ஏராவை யோசியுங்கள்.

ஈயமா, வார்ப்பிரும்பா? முடிந்தால் ஈயம். 3 தொன்னுக்கு ஈயம் 0.27 கனமீற்றர், இரும்பு 0.42. அவ்வளவு கனவளவு வித்தியாசத்தில் பாரம் கீழே போய் நிற்கும், துருவும் இல்லை. இரும்புதான் என்றால் மணல் வீசித் துப்புரவாக்கிய சில மணி நேரத்துக்குள் எபொக்சி முதற்பூச்சு விழ வேண்டும். எங்கள் காற்றில் காலையில் வெள்ளியாய் இருந்த இரும்பு பின்னேரம் செம்மண் நிறமாகும், அதன்மேல் எத்தனை பூச்சு போட்டாலும் தோல்போல உரியும்.

ஏரா போல்ட் 316 ஸ்ரெயின்லெஸ் என்றால் இணைப்புக்குள் ஒரு சொட்டு நீரும் போகக்கூடாது. ஸ்ரெயின்லெஸ் காற்றுப் பட்டால்தான் தன்னைக் காத்துக்கொள்ளும், காற்றில்லாத ஈரத்தில் ஓரிடமாகப் பிடித்து அரிக்கும். நட்டின்கீழ் தடித்த தகடு இருக்க வேண்டும், வெறும் வாஷர் போதாது. எந்த முறுக்கில் இறுக்கியது என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். முதற் பருவம் முடிந்ததும் அதே எண்ணில் மறுபடி பாருங்கள். ஏராவின் முன்விளிம்பில் இணைப்புக் கோடு மயிரிழை அளவு வாய் திறந்திருந்தால் நட்டைத் தேடுங்கள், பெயின்ட்டால் மூடாதீர்கள்.

வாடைக்காற்று:
ஓட்டுத் துளைகளுக்கு வரும் வால்வுகள் பற்றி ஒரு கேள்வி. கொம்பனி தரும் பட்டியலில் "சர்வதேசத் தரம்" என்று மட்டும் இருக்கிறது. அது போதுமா?

ஏராக்கட்டை:
போதாது. வால்வுக்கான ஐஎஸ்ஓ 9093 தரம் அரிப்பைத் தாங்கும் பொருள் என்று கேட்பது ஐந்து வருடப் பாவனையைக் கணக்கில் வைத்துத்தான். சாதாரணப் பித்தளையும் அதற்குள் நுழைந்துவிடும். குளிர்நீரில் ஐந்து வருடம் என்றால் எங்கள் நீரில் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்.

பித்தளையில் துத்தநாகம் மூன்றிலொரு பங்குக்கு மேல். உப்புநீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுக்கும். மிஞ்சுவது செம்புப் பஞ்சு. பார்வைக்கு வால்வு முழுதாகவே இருக்கும். பேனாக்கத்தியால் கழுத்துப் பக்கம் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் உயிரோடிருக்கிறது. ரோசாப்பூ நிறத்தில் மங்கலாகத் தெரிந்தால் துத்தநாகம் போய்விட்டது, காலால் ஒரு தட்டுத் தட்டினால் முறிந்து 40 மில்லிமீற்றர் துளையால் கடல் உள்ளே வரும்.

ஒப்பந்தத்தில் வெண்கலம், அல்லது துத்தநாகம் கழராத டிஇசெட்ஆர் பித்தளை என்று பொருளின் பெயரையே எழுதுங்கள். கண்ணாடி இழை கலந்த நைலோன் வால்வும் நல்லது, துரு என்ற பேச்சே இல்லை. ஒரு குழாய்க்குள் வெண்கலம், பித்தளை, ஸ்ரெயின்லெஸ் மூன்றையும் கலக்கக்கூடாது. வால்வு வெண்கலமாயும் குழாய் பூட்டும் வால் பித்தளையாயும் வருவதுதான் வழமையான ஏமாற்று, அதையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள குழாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு 316 கிளிப். வால்வுக்குப் பக்கத்தில் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று கயிற்றில் தொங்கட்டும். மரவேலைக்காரர் எவரும் கடைந்து தருவார்.

அடிக்குப் பூசுவதையும் இதோடே சொல்லிவிடுகிறேன். கடலில் இறக்கும் முன் எபொக்சித் தடுப்புப் பூச்சு, காய்ந்த தடிப்பு 250 முதல் 300 மைக்குரோன். அதன்மேல் கொட்டலசும் பாசியும் பிடிக்காத பூச்சு மூன்று, நீர்க்கோட்டிலும் சுக்கான் முன்விளிம்பிலும் நான்கு. எங்கள் நீரில் பூசாத இடத்தில் ஒரு மாதத்துக்குள் கொட்டலசு விரல்நுனி அளவு வந்துவிடும்.

உப்புவெளிவயர்:
மின் வேலை. இதில்தான் புதுப்படகுகள் கூடுதலாகப் பழுதாகின்றன, காரணம் ஒன்று: வயர் மெல்லிசு.

12 வோல்ட்டில் ஒரு வோல்ட் இழந்தாலே பெரிய இழப்பு. நங்கூர வின்ச்சை எடுங்கள். 1000 வாட், ஓடும்போது 90 அம்பியர். பற்றரியிலிருந்து அணியம் வரை 12 மீற்றர், திரும்பிவர 12, மொத்தம் 24. செம்பின் தடை எண் 0.0175. அதை 24ஆலும் 90ஆலும் பெருக்கினால் 37.8. வின்ச்சுக்கு 10 வீத இழப்பு விடலாம், அதாவது 1.2 வோல்ட். 37.8ஐ 1.2ஆல் பிரித்தால் 31.5. ஆகவே 35 சதுர மில்லிமீற்றர் வயர். கொம்பனிகள் 16இல் இழுத்துவிடுவார்கள், வின்ச் பாரத்தில் நின்றுபோகும், மோட்டர் கருகும், பழி வின்ச்சுக்குப் போகும். விளக்கு, றேடியோ, திசைக்கருவிகளுக்கு 3 வீதத்துக்கு மேல் விடாதீர்கள்.

எல்லா வயரும் வெள்ளீயம் பூசிய செம்பு இழைகளாக இருக்க வேண்டும். வீட்டு வயர் ஒரு மாரிக்குள் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். முனையை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள்: கறுப்பாக இருந்தால் மீற்றர் கணக்கில் வெட்டியெறிய வேண்டிவரும். முனைகள் அழுத்திப் பூட்டி, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டிருக்க வேண்டும். வெறும் ஈயப்பற்று வேண்டாம், ஆட்டத்தில் அந்த விளிம்பில் முறியும். பற்றரியிலிருந்து 18 சென்ரிமீற்றருக்குள் பிரதான பியூஸ். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் இலக்கம், அதே இலக்கங்களோடு ஒரு வரைபடம். மேல்தட்டு மூடும் முன் அணியம்வரையும் பாய்மர அடிவரையும் வெற்றுக் குழாய் ஒவ்வொன்று, உள்ளே இழுப்புக் கயிறு விட்டு. பத்து வருடத்துக்குப் பிறகு எதை இழுக்க நினைத்தாலும் அந்தக் குழாய்தான் காப்பாற்றும்.

குளிர்ப்பெட்டி மின்சாரத்தைத் தின்பதில் முதலாவது. வரைபடத்தில் 40, 50 மில்லிமீற்றர் நுரை போட்டிருப்பார்கள். எங்களுக்கு 100, அடிக்கு 120. மூடி மேலே திறக்க வேண்டும், முன்கதவு வேண்டாம். அப்படிச் செய்தும் நாளுக்கு 60, 70 அம்பியர்-மணி போகும். 400 வாட் சூரியத் தகடு இருந்தால், நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்று பிடித்தாலும் 1600 வாட்-மணி, 12 வோல்ட்டில் 130 அளவு. குளிர்ப்பெட்டி, விளக்கு, றேடியோ எல்லாம் அதற்குள் அடங்கும். பாய்மர நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் விளைச்சல் பாதியாகலாம், ஆகவே இரண்டு தகடு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி.

பற்றரி லித்தியம் 300 அம்பியர்-மணி என்பது என் தேர்வு.

கொட்டியாரம்:
லித்தியத்தில் எனக்கு உடன்பாடில்லை, தம்பி. திருகோணமலையில் நிற்கும் படகுக்கு எந்த லொறிக் கடையிலும் கிடைக்கும் ஈயப் பற்றரிதான் உத்தரவாதம். அந்தமானுக்குப் போகும் வழியில் லித்தியத்தின் காவல் மின்சுற்று மூடிக்கொண்டால் படகு இருண்டுபோகும். ஓடிக்கொண்டிருக்கும் அல்ரனேற்றரின் டையோட்டும் அதே நொடியில் எரியும்.

உப்புவெளிவயர்:
அண்ணை சொல்லும் ஆபத்து உண்மை. அதனால்தான் அல்ரனேற்றரை லித்தியத்தோடு நேரே பூட்டக்கூடாது. அல்ரனேற்றர் ஈயப் பற்றரிக்கு, அதிலிருந்து 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜரால் லித்தியத்துக்கு. எஞ்சின் ஸ்ராட், வோக்கி, வழிகாட்டு விளக்கு மூன்றும் ஈயப் பற்றரியில் நிற்கட்டும். லித்தியம் மூடினாலும் படகு இருளாது. ஆனால் எஞ்சின் அறைக்குள் வைக்க வேண்டாம், 45 பாகைக்கு மேல் அதன் ஆயுள் கரையும். இரண்டு ஈயப் பற்றரி மட்டும் வைத்து ஐஸ் வாங்கிப் போட்டு ஓடுவதும் நல்ல வழிதான், அதற்கு இந்தச் சிக்கல் ஒன்றும் தேவையில்லை.

சோளகம்:
எஞ்சினுக்குச் செயில்டிரைவா (ஓட்டுக்குள்ளால் நேரே கீழே இறங்கும் கால்), விசிறிக்கு நீளும் தண்டா? கொம்பனி செயில்டிரைவைத்தான் தள்ளுகிறது.

கிண்ணியாத்துறை:
தண்டு. கொம்பனிக்குச் செயில்டிரைவ் அரை நாள் வேலை, தண்டு நேர்பிடிக்க மூன்று நாள். அதுதான் தள்ளுகிறார்கள். செயில்டிரைவின் கால் அலுமினியம், செம்பு கலந்த அடிப்பூச்சு அதில் பட்டால் அரிக்கும். கீழுள்ள றப்பர் வளையத்தை உற்பத்தியாளர் சொன்ன கெடுவில் மாற்ற வேண்டும், அதற்குப் படகு தரையேற வேண்டும். படகைத் தூக்குவதே பெரிய காரியமான இடத்தில் அந்தத் தலையிடி எதற்கு?

8 தொன்னுக்கு 40 குதிரைவலு போதும். தண்டின் இணைப்பை நேர்பிடிப்பது தரையில் ஒருதரம், கடலில் இறக்கி இரண்டு நாள் மிதந்த பிறகு மறுதரம். மிதந்ததும் ஓடு கொஞ்சம் வளையும். 100 மில்லிமீற்றர் இணைப்புத் தட்டில் மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் அளவுத்தகடு விட்டுப் பார்த்தால் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. இரண்டாவது தரத்தைத் தவிர்த்துவிட்டு விடைபெறும் மெக்கானிக்கை விடாதீர்கள்.

கடல்நீர் வடிகட்டி நீர்க்கோட்டுக்கு மேலே மூடி திறக்கும்படி இருக்க வேண்டும். கொட்டியாரக்குடாவில் பொலித்தீனும் சொறிமுட்டையும் வந்து அடைக்கும்போது வால்வு கைக்கு எட்டாவிட்டாலும் திறந்து துப்புரவாக்கலாம். எஞ்சின் புகைக்குழாயில் நீர் பாயும் இடம் நீர்க்கோட்டுக்கு 15 சென்ரிமீற்றருக்குள் இருந்தால் உறிஞ்சு தடுக்கும் வளைவு வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நின்ற பிறகு கடல் மெதுவாக உருளைக்குள் போய் நிறையும்.

டீசல் தாங்கிக்கு ஒவ்வொரு தடுப்பறைக்கும் கை நுழையும் மூடி, அடியில் நீர் வடிக்கும் திருகு. எங்கள் வெப்பத்தில் டீசலுக்கும் அடியில் நிற்கும் நீருக்கும் இடையில் கறுப்புக் கூழ் வளரும், அலை ஆட்டும்போது கிளம்பி வடியை அடைக்கும். எஞ்சின் நிற்பது எப்போதும் அலை கூடிய நேரத்தில்தான் என்பதற்கு அதுதான் காரணம். நீர் தெரியும் கண்ணாடிக் கிண்ணத்தோடு இரண்டு வடி, இடையில் மூன்றுவழி வால்வு. ஒன்று அடைத்தால் மற்றதுக்குத் திருப்பலாம், எஞ்சின் நிற்காது.

அடுப்புக் காஸ் பெட்டியையும் இங்கத்தைய சிலிண்டர் அளவுக்குக் கட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் இருப்பது ஐரோப்பியச் சிலிண்டர். எங்களிடம் 12.5, 5, 2.3 கிலோ. 5 கிலோ இரண்டு நிற்கும் பெட்டி, அடியில் வெளியே கடலுக்கு வடியும் துளை. காஸ் காற்றைவிடப் பாரம், அடித்தட்டுக்குள் இறங்கினால் வெளியேறாது.

வாடைக்காற்று:
பாய்மரமும் பாயும் என் பக்கம்.

எங்கள் காற்று இரண்டு குணம். வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் தரையிலிருந்து வரும். கடல் தட்டை, காற்று விட்டுவிட்டு அறையும். கார்த்திகையில் தொடங்கும் வாடை கடலிலிருந்து அலையோடு வரும். இரண்டுக்கும் ஒரே பதில்: பெரிய பாயில் மூன்று றீஃப் (காற்றுக் கூடும்போது பாயைச் சுருக்கிக் கட்டும் இடம்), இரண்டல்ல. மூன்றாவது றீஃப் பாயின் நிலையுயரத்தை 40 வீதமாவது குறைக்க வேண்டும். மூன்று கயிறும் கட்டியே இருக்க வேண்டும்.

பாய்த் துணி கெடுமுன் தையல் நூல் கெடும். எங்கள் வெயிலில் பொலியெஸ்ரர் நூலை மூன்று, நான்கு வருடத்தில் நகத்தால் கீறினாலே அறுந்துவிடும். பிடிஎஃப்இ நூலைச் சூரியன் தொடாது. கூடாரத்துக்கும் பாய் உறைக்கும் அந்த நூலையே எழுதுங்கள், விலை கூடினாலும்.

தாங்கு வயர் 1×19 முறுக்கு, 316, 8 மில்லிமீற்றர். முனைகளை இயந்திரத்தால் அழுத்திப் பூட்டாமல், ஸ்டா-லொக் போன்ற திருகு முனை வாங்கினால் கடலிலேயே இரண்டு ஸ்பானரால் புதிதாக்கலாம். கூடவே மிக நீளமான வயரின் நீளத்தில் ஒரு மேலதிக வயர், இரண்டு முனை, நாலு கூம்பு. முன்வயருக்கு மேலும் கீழும் இரு முனையிலும் இரு பக்கம் மடங்கும் மூட்டு வேண்டும். சுருட்டு பாய் ஆடும்போது மூட்டில்லாத முனை களைத்து முறியும். வயரைப் பிடிக்கும் பட்டைகள் மேல்தட்டுக்குள்ளால் போவதென்றால், தட்டின் தடிப்புக்குள் மறைந்திருக்கும் அந்த இரண்டு அங்குலம்தான் அரிக்கும் இடம். ஓட்டின் வெளியே போல்ட்டால் பூட்டும் பட்டையைக் கேளுங்கள், கண்ணுக்குத் தெரியும். அலுமினியப் பாய்மரத்தில் ஸ்ரெயின்லெஸ் திருகு போகும் ஒவ்வொரு துளையிலும் அரிப்பைத் தடுக்கும் டெஃப்-ஜெல் பசை பூசியிருக்க வேண்டும். வெள்ளைப் பொடி பூத்த திருகு பிறகு கழராது.

திசைகாட்டியை மறக்காதீர்கள். ஐரோப்பாவுக்குச் சமன்செய்த திசைகாட்டியின் தட்டு இங்கே சாய்ந்து ஒரு பக்கம் உரசும். அங்கே காந்தவிசை தரைக்குள் இழுக்கிறது, இங்கே கிட்டத்தட்டக் கிடையாக இருக்கிறது. கேரளத்துத் தும்பாவில் றொக்கெட் ஏவுதளம் அமைக்க அந்த இடத்தைத் தேர்ந்ததே காந்த நடுக்கோடு அதை அண்டிப் போவதால். நாங்களும் ஏறக்குறைய அதே அகலக்கோட்டில் இருக்கிறோம். ஆகவே எந்த வலயத்துக்குச் சமன்செய்தது என்று கேட்டு வாங்குங்கள்.

கொட்டியாரம்:
நங்கூரம் பற்றி ஒரு குறிப்பு. 10 மில்லிமீற்றர் சங்கிலியில் இரண்டு வகை உண்டு: ஜேர்மன் தரமான டின் (DIN) 766 என்றால் கண்ணியின் உள்நீளம் 28 மில்லிமீற்றர், ஐஎஸ்ஓ 4565 என்றால் 30. வின்ச்சின் சங்கிலிச் சில்லு ஒன்றுக்குத்தான் பொருந்தும். மாறிப்போனால் பாரம் ஏறும்போது சங்கிலி துள்ளி ஓடும், கை இருந்தால் விரல் போகும். சில்லில் பொறித்திருப்பதைப் பார்த்த பிறகே சங்கிலி வாங்குங்கள்.

80 மீற்றர் போதும், பாரம் 180 கிலோ அளவில். உள்துறைமுக அடி சேறு, 25 கிலோ நங்கூரம் நன்றாகப் புதையும். 10 மீற்றர் ஆழத்தில் 50 மீற்றர் விடுங்கள். கடைசிக் கண்ணியை ஓட்டோடு நேரே பூட்டாமல் மேல்தட்டு வரை வரும் நைலோன் கயிற்றால் கட்டுங்கள், அவசரத்தில் கத்தியால் வெட்டலாம்.

ஏராக்கட்டை:
இனி ஒப்பந்தம், மேலே சொன்னதெல்லாம் அதில் இல்லையென்றால் வெறும் பேச்சு.

பணம் காலக்கெடுவுக்கு அல்ல, வேலைக்குக் கொடுங்கள். கையெழுத்துக்கு 15 வீதம், ஓடு அச்சிலிருந்து வெளிவந்து அளந்த பிறகு 25, மேல்தட்டு பிணைந்த பிறகு 20, எஞ்சினும் வயரும் பூட்டிய பிறகு 20, கடலில் இறங்கியதும் 10, கடலோட்டக் குறைகள் திருந்திய பிறகு கடைசி 10. ஒவ்வொரு தவணைக்கும் உங்கள் சார்பில் ஒரு மதிப்பாய்வாளர் கையெழுத்திட வேண்டும். கொடுத்த பணத்துக்குரிய ஓடும் பொருட்களும் அன்றே உங்கள் சொத்து என்ற வரியும், ஓட்டில் உங்கள் இலக்கமும் இருக்க வேண்டும். கொம்பனி முறிந்துபோனால் கடன்காரர் அள்ளிக்கொண்டு போகாதிருக்க அதுதான் காவல்.

"அல்லது அதற்கு இணையானது" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் "வாங்குபவரின் எழுத்துச் சம்மதத்தோடு" என்று சேருங்கள். வெண்கல வால்வு பித்தளையாவது அந்தச் சொல்லுக்குள்ளால்தான்.

மாற்றம் கேட்டால் வாயால் கேட்காதீர்கள். விலை, எடை, எத்தனை நாள் பிந்தும் என்ற மூன்றும் எழுதிய தாளில் இருவரும் கையெழுத்து. எடையைப் பலர் மறக்கிறார்கள். அங்கொன்று இங்கொன்றாக 400 கிலோ ஏறிப் படகு பின்னணியத்தால் குந்திவிடும்.

உப்புவெளிவயர்:
றேடியோவுக்கு அனுமதியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நேரத்தோடு கேளுங்கள். இலங்கைக் கொடிப் படகின் எம்எம்எஸ்ஐ இலக்கம், அதாவது றேடியோ அடையாள எண், 417இல் தொடங்கும். விஎச்எஃப் றேடியோ, ஏஐஎஸ் (படகுகளை ஒன்றுக்கொன்று திரையில் காட்டும் கருவி), 406 மெகாஹேர்ட்ஸ் ஆபத்துச் சமிக்ஞைக் கருவி மூன்றிலும் ஒரே இலக்கம் பதிய வேண்டும். வேறு நாட்டில் வாங்கிய கருவியில் அந்த நாட்டு இலக்கம் இருந்தால் தேடுதல் அழைப்பு அங்கே போகும். ஏஐஎஸ் சில வகைகளில் இலக்கத்தை ஒருமுறைதான் பதியலாம், பிழைவிடாமல் பதியுங்கள். ஏஐஎஸ் திரையில் எங்கள் மீன்பிடி வள்ளங்கள் பெரும்பாலும் தெரியாது, இரவில் கண்தான் வேண்டும்.

சோளகம்:
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: எந்த மாதம் கடலில் இறக்கி இங்கே கொண்டுவருவது?

கொட்டியாரம்:
பங்குனி, சித்திரை. பாக்குநீரிணையால் 2 மீற்றர் ஏரா வராது, தெற்கே தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் வழி, கொழும்பிலிருந்து 300 கடல்மைல் அளவு. வைகாசி பிறந்தால் மேற்குக் கரையில் சோளகக் கடல் எழும்பிவிடும். கார்த்திகை, மார்கழி கிழக்கே வேண்டாம்: 1964இலும் 1978இலும் 2020இலும் புயல் கிழக்குக் கரையில் ஏறியது அந்த மாதங்களில்தான். ஆகவே ஒப்பந்தத்தில் கையளிப்பு மாசி என்று போடுங்கள். ஒரு மாதம் பிந்தினாலும் தப்பலாம். மூன்று மாதம் பிந்தினால் ஐப்பசி வரை மேற்கிலேயே நிற்கட்டும், அவசரப்பட்டு ஓட்டாதீர்கள்.

கடலோட்டத்தை அங்கே ஒருதரம், இங்கே கொட்டியாரக்குடாவில் மறுதரம் செய்யுங்கள். இங்கே வரும்போது துறைமுக அதிகாரசபைக்கும் கடற்படைக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீரும் டீசலும் நிறைந்து, நங்கூரம் ஏறி, ஆட்களோடு முழு எடையில் ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் எஞ்சின் தன் பட்டியலில் உள்ள சுழற்சிக்கு வர வேண்டும். 3000 என்றால் 2700இல் நின்றுவிட்டால் விசிறியின் சாய்வு கூட, கறுப்புப் புகை அதற்குச் சாட்சி. அந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓடி வெப்பமானி நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், 30 பாகை நீரில்தான் குளிரூட்டியின் உண்மை தெரியும்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, பாய் ஏற்றி, 20 பாகை சாய்வில் இரு பக்கமும். காற்றில்லாப் பக்க வயர் லேசாகத் தளரலாம், ஊஞ்சலாடக்கூடாது. புது வயர் இழுபடும், 50 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்க வேண்டும். அந்தச் சாய்வில் உள்ளே ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். சிக்கினால் தடுப்புச்சுவர் அசைகிறது.

இரவு நங்கூரமிட்டு, அடித்தட்டை முழுக்கத் துடைத்து, தாங்கிகளுக்கும் வால்வுகளுக்கும் தண்டுக்கும் கீழே பவுடர் தூவிவிடுங்கள். விடியப் பார்த்தால் நீர் வந்த வழி பவுடரில் கோடாக இருக்கும். அதில் விரல் வைத்து நாக்கில் தொட்டுப் பாருங்கள்: உப்பென்றால் வால்வு, தண்டு, ஏரா போல்ட் என்ற வரிசையில் தேடுங்கள், உப்பில்லையென்றால் நீர்த்தாங்கி அல்லது மேல்தட்டு. அந்தக் கோடு துடைத்த பிறகும் மூன்று இரவு வராமல் இருந்தால் கடைசிப் பத்து வீதத்தைக் கொடுங்கள்.